குவைத்ல நம்ம ஆளுங்கன்னா ஆண்கள், இலங்கை, பிலிப்பைன்ஸ்னா பெண்கள். ஏன் இப்படி? (அக்காவுக்கு வந்த வேலை பத்தி ஆலோசனை வேணும்)

கோட்டூர் இளங்கோ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருவாரூர் மாவட்டம், கோட்டூர் பக்கம். அக்காவுக்கு வயசு 28. மாமா போன வருஷம் தவறிட்டார். பையன் நாலாவது படிக்கிறான். அக்கா ஒன்பதாவதோட நிறுத்தினவ. குழுக் கடன், நகைக் கடன் ரெண்டும் கழுத்தை நெரிக்குது. நான் டிராக்டர் ஓட்டுறேன், என் வருமானத்துல ரெண்டு குடும்பம் ஓடாது.

மன்னார்குடியில ஒரு ஏஜென்ட் வந்து பேசினார். குவைத்ல வீட்டு வேலை, மாசம் 120 தினார், சாப்பாடு, தங்குமிடம் இலவசம். நாம ஒரு பைசா கட்ட வேண்டாமாம், டிக்கெட்டும் அவங்களே போடுறாங்களாம். "முதல்ல துபாய்க்கு விசிட்ல போகணும், அங்கேருந்து குவைத்துக்கு ஏத்தி விடுவோம்"னு சொல்றார். எங்க சித்தப்பா மகன் டிரைவர் வேலைக்குப் போனப்போ ரெண்டு லட்சத்துக்கு மேல கட்டித்தான் போனான். பெண்ணுக்கு மட்டும் எப்படி எல்லாமே இலவசம்னு எனக்கு அப்பவே ஒரு உறுத்தல்.

குவைத்ல எந்த நாட்டுக்காரங்க எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு இருக்கிற ஒரு பட்டியலை ராத்திரி உக்காந்து தேடிப் பார்த்தேன். இந்தியர்கள் மட்டும் 10 லட்சம் பேர் பக்கம் இருக்காங்க, அதுல ஆண்கள்தான் பெரும்பங்கு. பங்களாதேஷ் எடுத்தா கிட்டத்தட்ட ஆண்கள் மட்டும்தான். ஆனா இலங்கை, பிலிப்பைன்ஸ்காரங்கள்ல பெண்கள் அதிகம். நம்ம பெண்கள் போகாததுக்குக் காரணம் அங்கே ஆபத்துங்கிறதா? அப்படின்னா இலங்கைப் பெண்கள் மட்டும் எப்படி இவ்வளவு பேர் போறாங்க? அங்கே இருக்கிறவங்க, இருந்தவங்க உண்மையைச் சொல்லுங்க. அக்கா கிளம்பணும்னு பிடிவாதமா இருக்கா.

நாகை நெய்தல்:

நண்பா, இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம பெண்கள் குடும்பத்தை விட்டுட்டுப் போக மாட்டாங்க. அது நம்ம பண்பாடு. மத்த நாட்டுல அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, அதான் வித்தியாசம். அக்காவை அனுப்பாதீங்க.

கூத்தாநல்லூர் ரஃபீக்:

தம்பி இளங்கோ, நான் குவைத்ல ஃபர்வானியாவுல இருக்கேன். காதிம் விசாவுல, அதாவது வீட்டு வேலை விசாவுல, டிரைவரா வந்து, பிறகு கம்பெனிக்கு மாறி, இப்போ மந்தூபுக்கு (கம்பெனிக்காக அரசு ஆபீஸ் வேலையை முடிக்கிறவர்) உதவியா விசா, அக்காமா (தங்கும் அனுமதி) வேலை பார்க்கிறேன். தினமும் கையில எடுக்கிறது அடுத்தவங்க பாஸ்போர்ட்டும் பத்தாகாவும்தான் (பத்தாகான்னா இங்கத்து அடையாள அட்டை). அதனால நீங்க பார்த்த பட்டியல் எனக்கு வெறும் எண்ணா தெரியாது.

முதல்ல நாகை நண்பருக்கு. பண்பாடுன்னு சொல்லி முடிச்சிடாதீங்க. ஆந்திராவுல கடப்பா, ராயச்சோட்டி, கோதாவரி ஜில்லாக்கள்லேருந்து தலைமுறை தலைமுறையா பெண்கள் குவைத் வீட்டு வேலைக்கு வர்றாங்க. வெள்ளிக்கிழமை மாலியா பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்க, காதுல தெலுங்குதான் விழும். அவங்களும் பிள்ளைகளை ஆத்தா அப்பன்கிட்ட விட்டுட்டு அழுதுக்கிட்டு வந்தவங்கதான். இலங்கைப் பெண்களுக்கும் பிள்ளைப் பாசம் நம்ம வீட்டுப் பெண்களுக்குக் குறைஞ்சதில்லை. அப்படிப் பேசுறதைக் கேட்டா எனக்கு மனசு வலிக்குது.

உண்மையான காரணம் விசாவுல இருக்கு. இங்கே சாதாரண ஆளுங்களுக்கு ரெண்டு விசாதான். ஒண்ணு பதினெட்டாம் நம்பர், நாங்க ஷூன் விசான்னு சொல்வோம். கம்பெனி வேலை. கட்டடம், கிளீனிங், ஹோட்டல், கடை எல்லாம் இதுல வரும். இன்னொண்ணு இருபதாம் நம்பர், அதுதான் காதிம் விசா. வீட்டு வேலைக்காரப் பெண், டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர் எல்லாம் இதுல. பத்தாகாவுல அந்த நம்பர் இருக்கும். சம்பளத்துலேருந்து லீவு வரைக்கும் எல்லாத்தையும் அந்த ஒரு நம்பர் தீர்மானிக்கும். பதினெட்டுக்குத் தொழிலாளர் சட்டம் உண்டு, 2010-ல வந்த 6-ஆம் நம்பர் சட்டம். வீட்டு வேலைக்காரங்களுக்கு அது கிடையாது. அவங்களுக்குத் தனியா 2015-ல 68-ஆம் நம்பர் சட்டம் போட்டாங்க.

இப்போ உங்க பட்டியலுக்கு வர்றேன். குவைத்ல வேலையாட்கள் கணக்கை வீட்டு வேலையைச் சேர்த்து ஒரு மாதிரியும், சேர்க்காம ஒரு மாதிரியும் போடுறாங்க. சேர்க்காத கணக்கைப் பார்த்தா அநேகமா எல்லா ஆசிய நாட்டுக்கும் தட்டு ஆண்கள் பக்கம்தான் சாயும். வீட்டு வேலையைச் சேர்த்தாதான் இலங்கையும் பிலிப்பைன்ஸும் பெண்கள் பக்கம் திரும்பும். மக்கள்தொகைப் பட்டியல்னா அதுல மனைவி, குழந்தைகளும் வருவாங்க. அதனால எந்தப் பட்டியலைப் பார்க்கிறோம்னு மேலே இருக்கிற தலைப்பை முதல்ல படிக்கணும். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. வீட்டு வேலை விசாவுல இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் ஆண்கள். அந்த ஆண்கள்ல முதலிடம் இந்தியாவுக்கு. பெண்கள்ல முன்னணியில இருக்கிற நாடுகள்ல ஒண்ணு பிலிப்பைன்ஸ். நானும் அந்த ஆண்கள் கணக்குல ஒருத்தனா இருந்தவன்தான். காலையில பிள்ளைகளை ஸ்கூல்ல விட்டு, வீட்டு எஜமானியம்மாவை ஜம்இய்யாவுக்கு (கூட்டுறவுக் கடை) கூட்டிப் போய், ராத்திரி திவானியா (ஆம்பளைங்க கூடிப் பேசுற இடம்) முடியுற வரைக்கும் வண்டியிலேயே உக்காந்திருக்கிற வேலை.

இந்தியப் பெண்கள் ஏன் குறைவுன்னா, நம்ம அரசாங்கமே கதவைச் சாத்தி வச்சிருக்கு. பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட்ல இ.சி.ஆர்.னு இருக்கும், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வாங்கணும்னு அர்த்தம். அந்தப் பாஸ்போர்ட்ல ஒரு பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு வரணும்னா குறைஞ்சது 30 வயசு ஆகியிருக்கணும். 2016-லேருந்து அரசு நிறுவனம் மூலமாத்தான் வரணும், தனியார் ஏஜென்ட் அனுப்பவே கூடாது. தமிழ்நாட்டுக்கு அந்த நிறுவனம் ஓ.எம்.சி.எல். (அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்), சென்னையில இருக்கு. 2014-ல நம்ம அரசு இன்னொரு நிபந்தனை போட்டது. பெண்ணை எடுக்கிற வீட்டுக்காரர் 720 தினார் வங்கி உத்தரவாதம் கட்டணும்னு. இந்தப் பக்கம் குவைத்காரங்க கோபப்பட்டு இந்தியப் பெண்களுக்கு விசா கொடுக்கிறதையே நிறுத்தினாங்க. 2017-ல நம்ம தரப்பு அந்த உத்தரவாதத்தைக் கைவிட்டது. இப்படி இழுபறியில ஓடின வருஷங்கள்ல குவைத் வீடுகள் வேற நாட்டுக்குப் போயிட்டாங்க. பிலிப்பைன்ஸ்காரங்களுக்கும் இதே கதைதான். ஒரு பெண்ணோட உடல் ஃப்ரீசர்ல கிடைச்சப்போ 2018-ல அவங்க அரசு ஆள் அனுப்புறதை நிறுத்திச்சு. 2023-ல மறுபடி தகராறு, புதுசா யாரும் வரலை, 2024-ல தான் திறந்தாங்க. இடையில அந்த இடத்தை நிரப்ப இலங்கையிலேருந்தும் ஆப்பிரிக்காவிலேருந்தும் ஆள் எடுத்தாங்க. பட்டியல்ல ஒரு நாடு ஏறுறதும் இன்னொண்ணு இறங்குறதும் பெரும்பாலும் இந்த மாதிரி உத்தரவுகளாலதான்.

இந்தியப் பெண்கள் கணக்குலயும் எல்லாரும் வீட்டு வேலைன்னு நினைச்சிடாதீங்க. மினிஸ்ட்ரி ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கிற மலையாளிச் சேச்சிமார் எத்தனையோ பேர். அப்புறம் குடும்ப விசாவுல வந்த மனைவிமார். குடும்ப விசாவுக்கு 2024-ல கேட்ட குறைஞ்ச சம்பளம் 800 தினார். என் கூட ரூம்ல இருக்கிறவங்க சம்பளம் அதுல கால்வாசி கூட வராது. அதனாலதான் நம்ம ஆம்பளைங்க ஜலீப், மெஹபூலா, மங்காஃப்னு ஒரே ரூம்ல அடுக்குக் கட்டில் போட்டு இருக்கோம். 2024 ஜூன்ல மங்காஃப்ல தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிஞ்சு 45 உடலை விமானப்படை விமானத்துல கொச்சிக்குக் கொண்டு வந்தாங்களே, அதுல 7 பேர் தமிழ்நாட்டுக்காரங்க. பட்டியல்ல "இந்தியர், ஆண்"னு ஒரு கட்டத்துக்குள்ள அடங்கியிருந்தவங்க அவங்க எல்லாம்.

பெண்ணுக்கு ஏன் இலவசம்னு கேட்டீங்களே, அதுதான் முக்கியமான கேள்வி. ஆண் கம்பெனி விசாவுக்கு ஆயிரம் பேர் அடிச்சுக்கிறான், அதனால விசாவைப் பணம் கொடுத்து வாங்குறான். அந்த வியாபாரம் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்குது. வீட்டு வேலைப் பெண்ணுக்கு நேர்மாறு. வீட்டுக்காரர் இங்கே இருக்கிற மக்தபுக்கு, அதாவது ஆள் பிடிக்கிற ஆபீசுக்கு, பல நூறு தினார் கொடுக்கிறார். அந்தப் பணத்துலேருந்துதான் மன்னார்குடி ஏஜென்ட் வரைக்கும் பங்கு போகுது, உங்க அக்கா டிக்கெட்டும் வருது. வீட்டுக்காரருக்கு ஆறு மாச உத்தரவாதம் உண்டு. அதுக்குள்ள அந்தப் பெண் வேலை செய்ய மறுத்தா மக்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். அப்போ "என்னால முடியலை, ஊருக்கு அனுப்புங்க"ன்னு அழுற பெண்ணை மக்தப் என்ன பண்ணும்? சமாதானம் சொல்லும், மிரட்டும், வேற வீட்டுக்குத் தள்ளும். போன ரமலானுக்கு முன்னாடி ஒரு மக்தப்ல நான் ஒரு பேப்பருக்காகக் காத்திருந்தேன். ராஜம்பேட்டைப் பெண் ஒருத்தி, முப்பதைத் தாண்டியிருக்காது, கை விரல் எல்லாம் குளோராக்ஸ் பிளீச்ல வெந்து தோல் உரிஞ்சிருந்தது. பையை மடியில வச்சுக்கிட்டுச் சுவரோரமா உக்காந்திருந்தா. ஆபீஸ்காரன் போன்ல அடுத்த வீட்டுக்கு அவளைப் பேசிக்கிட்டிருந்தான். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை.

எல்லா வீடும் அப்படின்னு சொல்ல மாட்டேன். நான் டிரைவரா இருந்த வீட்டுல இருந்த இலங்கை அக்காவை அந்தப் பிள்ளைகள் தாயாட்டம் வச்சிருந்தாங்க. ஆனா எந்த வீடு கிடைக்கும்னு உங்க அக்காவுக்கு முன்கூட்டித் தெரியாது. தப்பான வீடா அமைஞ்சா கையில எந்தக் காகிதம் இருக்குங்கிறதுதான் காப்பாத்தும்.

மஸ்கெலியா மேரி:

தம்பி, நான் இலங்கை, மலையகம். குவைத்துல ஹவுஸ்மெயிடா இருந்து திரும்பி வந்தவ. ரஃபீக் அண்ணன் சொன்னது சரி. எங்க பக்கத்துக் கதையை நான் சொல்றேன்.

எங்க நாட்டுல 90-கள்ல வெளிநாடு போன நாலு பேர்ல மூணு பேர் பொம்பளைங்க. எங்க தோட்டத்துல கொழுந்து பறிச்சுக் கிடைக்கிற நாள் சம்பளத்துல லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரையைக்கூட மாத்த முடியாது. ஆம்பளை போகணும்னா ஏஜென்சிக்குக் காசு கட்டணும், எங்கே போறது? பொம்பளை போனா ஏஜென்சிக்காரனே முன்பணம் கையில தருவான். எனக்கும் தந்தாங்க. அந்தக் காசுல அம்மாவோட கடனை அடைச்சேன், பிள்ளைக்குக் கட்டில் வாங்கினேன். அந்தக் காசை வாங்கின பிறகு "நான் போகலை"ன்னு சொல்ல வாய் வராது தம்பி. அதுதான் அதோட வேலையே. உங்க அக்காவுக்கு அப்படி ஏதும் தந்தா வாங்க வேணாம்னு சொல்லுங்க.

எங்க அரசாங்கமும் தடை போட்டுப் பார்த்துச்சு. 2013-ல அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தா தாய் போகக்கூடாதுன்னு உத்தரவு. குடும்ப அறிக்கை வேணும், கிராம சேவகர் கையெழுத்து வேணும், எல்லாம் வேணும். அதுக்கப்புறம் பொம்பளைங்க பங்கு குறைஞ்சது உண்மை. ஆனா போகணும்கிற நிலைமையில இருந்தவங்க என்ன செஞ்சாங்க? பிள்ளையை அக்கா பிள்ளைன்னு எழுதினாங்க. விசிட் விசாவுல போனாங்க. பியூரோவுல, அதாவது எங்க அரசோட வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துல, பதியாம போனவளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, தூதரகத்துல பேர் இல்லை. 2022-ல பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில நின்ன காலத்துல அந்த வயசை ரெண்டாக் குறைச்சாங்க. அந்த ஒரு வருஷம் மட்டும் மூணு லட்சம் பேருக்கு மேல நாட்டை விட்டுப் போனாங்க, ஆம்பளைங்களும்தான்.

நான் இருந்த வீடு மோசமில்லை, நல்லதும் இல்லை. மூணு மாடி, எட்டுப் பிள்ளைகள். ரமலான் மாசத்துல சஹர் (நோன்புக்கு முந்தின விடியற்காலைச் சாப்பாடு) முடிஞ்சு பாத்திரம் கழுவி நிமிரும்போது விடிஞ்சிடும். வெள்ளிக்கிழமை லீவுன்னு சட்டத்துல இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலை. பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் பிள்ளைதான் சொன்னா. அவளுக்கு மாசம் 400 டாலர், எனக்கு அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டும். ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே மாப். அப்போ அவங்க அரசாங்கம் அந்தத் தொகைக்குக் கீழே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதில்லை, அவ்வளவுதான். நாட்டுக்கு நாடு சம்பளம் வேறயா இருக்கிறதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு எரியுது.

நான் போனதுக்கு வருத்தப்படலை. மகன் இப்போ ஓ.எல். (உங்க ஊர் பத்தாவது மாதிரி) பாஸ் பண்ணிட்டான். ஆனா நான் பியூரோவுல பதிஞ்சு, சொந்த வயசுல, சொந்தப் பேர்ல போனேன். பதினேழு வயசை இருபத்திமூணுன்னு மாத்தி மூதூர்லேருந்து சவூதிக்கு அனுப்பின ரிசானா நஃபீக்குங்கிற பிள்ளைக்கு 2013-ல மரண தண்டனை நிறைவேத்தினதை உலகமே பார்த்துச்சு. வயசை மாத்தச் சொன்னா அந்த வாசல்லயே நிக்காதீங்க.

கோட்டூர் இளங்கோ:

ரஃபீக் பாய், மேரி அக்கா, ரெண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். அக்காவை உக்கார வச்சு முழுசும் வாசிச்சுக் காட்டினேன். மேரி அக்கா எழுதினதை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னா.

நீங்க சொன்னதும்தான் ஏஜென்ட்கிட்ட வயசைப் பத்திக் கேட்டேன். "30 ஆகலைன்னா பரவாயில்லை, துபாய் விசிட்ல போறதால யாரும் கேட்க மாட்டாங்க, அதுக்குத்தான் அந்த வழி"ன்னு சொல்றார். அக்கா பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கு, விசா போடணும்னு வாங்கிட்டுப் போனார். இப்போ நாங்க பின்வாங்கினா ஏற்கனவே செலவாகியிருக்குன்னு பணம் கேட்பாரோன்னு பயமா இருக்கு. இன்னொரு சந்தேகம். அக்கா இப்படியே துபாய் வழியா குவைத் வந்துட்டா, அந்த 68-ஆம் நம்பர் சட்டம் அவளுக்குப் பொருந்தாதா?

கூத்தாநல்லூர் ரஃபீக்:

சட்டம் பொருந்தும் தம்பி. குவைத்ல இருபதாம் நம்பர் அக்காமா அடிச்சுட்டா யாரா இருந்தாலும் பொருந்தும். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு, வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோட விடுப்பு, முடிச்சுப் போகும்போது வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம். பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வாங்கி வச்சுக்கக் கூடாது. இத்தனையும் எழுத்துல இருக்கு. ஆனா குறைஞ்சபட்சச் சம்பளம்னு இந்த நாடு வச்சிருக்கிறது 60 தினார்தான். ஏஜென்ட் வாயால சொன்ன 120 குவைத் ஒப்பந்தத்துல 70-ன்னு இருந்தா, அங்கே கேட்க ஒண்ணுமில்லை. தூதரகம் ஒப்புதல் கொடுத்த ஒப்பந்தம் இருந்தாதான் அந்த 120-ஐக் காட்டிக் கேட்க முடியும். துபாய் வழியா வந்தவளுக்கு அந்த ஒப்பந்தமே இருக்காது. வெளிநாடு போற தொழிலாளிக்கு நம்ம அரசு வச்சிருக்கிற பிரவாசி பீமா இன்சூரன்ஸும் இருக்காது. அதைவிடப் பெரிய பயம், துபாய்ல இறங்கினதும் குவைத்துக்குத்தான் அனுப்புவாங்கங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்? ஓமன்ல ஒரு வீடு அதிகப் பணம் கொடுத்தா அங்கே போகும் வண்டி.

பாஸ்போர்ட்டைத் தாமதிக்காம வாங்கிடுங்க. பாஸ்போர்ட் இந்திய அரசோட சொத்து, எந்த ஏஜென்ட்டும் பணத்துக்காகப் பிடிச்சு வச்சுக்க முடியாது. தனியாப் போகாதீங்க, ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க. "உங்க லைசென்ஸ் நம்பர் என்ன"ன்னு கேளுங்க. இந்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவான ஏஜென்ட் பேர் எல்லாம் இருக்கு, போன்லயே பார்க்கலாம். லைசென்ஸ் இருந்தாலும் இ.சி.ஆர். பெண்ணை வீட்டு வேலைக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லைன்னு நேரா சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்கே பெரும்பாலும் பாஸ்போர்ட் மேஜைக்கு வந்துடும். வரலைன்னா திருவாரூர் எஸ்.பி. ஆபீஸ்ல மனு கொடுங்க, அதே மனுவோட நகலைச் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அனுப்புங்க. செலவுக் கணக்கு காட்டினா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. சட்டவிரோதமா அனுப்ப ஆன செலவுன்னு எவரும் எழுதித் தர மாட்டாங்க.

அக்காகிட்ட என் சலாமைச் சொல்லுங்க. போகவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. 30 ஆனதும் ஓ.எம்.சி.எல்.ல பேர் கொடுக்கலாம். அதுவரைக்கும் ரெண்டு விஷயம். ஆதரவற்ற விதவை உதவித்தொகை இருக்கு, 2023-ல அதை மாசம் 1,200 ரூபாய் ஆக்கினாங்க, தாலுகா ஆபீஸ்ல எழுதிப் போட்டாச்சா? போடலைன்னா இந்த வாரமே போடுங்க. ரெண்டாவது, பத்தாவதைத் தனித்தேர்வா எழுதச் சொல்லுங்க. தேறிட்டா பாஸ்போர்ட்ல இ.சி.ஆர். போயிடும், வீட்டு வேலையைத் தவிர வேற வேலைக்கும் வழி பிறக்கும். இங்கே கம்பெனி விசாவுல கேட்டரிங்லயும் ஸ்கூல்லயும் வேலை பார்க்கிற நம்ம பெண்களை நான் பார்க்கிறேன், ராத்திரி பூட்டிக்க அவங்களுக்குன்னு ஒரு ரூம் கதவு இருக்கு.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்க. அந்தாள் மிரட்டினா என்ன சொன்னார்னு அப்படியே எழுதுங்க, மனுவை நானே டைப் பண்ணித் தர்றேன்.